சுற்றம் சொன்ன எண்

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டி, அதில் தாங்களே ஏறிப் பறக்கிறவர்களிடம் எதையாவது விற்க வேண்டுமானால் முதலில் அவர்கள் தைரியத்தைப் புகழ வேண்டும், பிறகு அவர்கள் பயத்தைத் தொட வேண்டும். கோகிலவாணிக்கு இரண்டும் கைவராது. "இந்தப் பொட்டி பொய் சொல்லாது" என்று ஒரே வரி எழுதி விளம்பரத்தை முடித்துவிட்டாள். அந்த ஒரு வரியிலேயே காங்கேயம் ஓடுதளத்தில் இருந்த நாற்பது விமானங்களிலும் அவளுடைய பொட்டி ஏறிவிட்டது. ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே ஒரு திரை. எஞ்சின் தன் முழுச் சக்தியில் இப்போது எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று அதில் ஒரு பெரிய எண், பத்திரமான அளவென்றால் பச்சையில். பொட்டி என்பது அவ்வளவுதான்.

இப்போது அந்த நாற்பதில் ஒன்று ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு மக்காச்சோளக் காட்டில் விழுந்துவிட்டது. ஓட்டிப்போன நவநீதன் அங்கேயே இறந்துபோனான். விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கை கோவையில் கோகிலவாணியின் மேஜைக்கு வந்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்லலாம் என்றிருந்தார்கள். படித்து முடித்தபோது பக்கத்தில் வைத்த காபி ஆறிப்போயிருந்தது. அவள் எழுதிய அந்த ஒற்றை வரியைக் குழு அப்படியே நம்பியிருந்தது.

அறிக்கை சொன்னது இதுதான். விழுவதற்கு முன் வெகுநேரமாகப் பொட்டியின் பதிவில் சக்தி அறுபத்தாறு சதவீதத்தைத் தாண்டவே இல்லை. மேலே போனதும் எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி ஓட்டுவது எல்லோரும் செய்வது. அறுபத்தாறில் அப்படிச் செய்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. எழுபதைத் தாண்டிச் செய்தால்தான் சூடேறிப் பிஸ்டன் உருகும். நவநீதனின் எஞ்சினில் மூன்றாவது பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருந்தது. உருகக் கூடாத உழைப்பில் உருகியிருக்கிறது என்றால் கட்டிய கையில்தான் கோளாறு. கட்டியவர்: இறந்தவரின் மனைவி தாரணி. காரணம்: கட்டுமானத்தில் கவனக்குறைவு. அதாவது, புருஷனைக் கொன்றவள் பெண்டாட்டிதான் என்பதை மரியாதையான பாஷையில் எழுதியிருந்தார்கள்.

அந்த அறுபத்தாறின் மேல் கோகிலவாணிக்குச் சந்தேகம் வந்தது. வராமல் எப்படி? அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர் இல்லை. பறக்கிற எஞ்சினின் சக்தியை நேராக அளக்கிற சாமான் எதுவும் அந்த விமானங்களில் கிடையாது. சுற்றுகிற வேகம், இழுக்கிற காற்று, குடிக்கிற பெட்ரோல் இவற்றை வைத்துப் பொட்டி கணக்குப் போடுகிறது. கணக்குக்கு ஓர் அடிப்படை வேண்டுமே, அதற்காக முதல் நாள் விமானத்தை முழுமூச்சாக மேலே ஏற்றிக் காட்ட வேண்டும். ஏறும் முன் பொட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: விமானத்தின் எடை என்ன? இத்தனை எடையை இத்தனை வேகத்தில் தூக்கினால் எஞ்சினுக்கு இத்தனை தெம்பு என்று கற்றுக்கொள்ளும். எடையைக் குறைத்துச் சொன்னால் எஞ்சினைச் சோப்ளாங்கி என்று எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஆயுள் முழுக்க உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

காங்கேயத்தில் எடையைக் குறைத்துச் சொல்லாதவர் யார்? வெறும் விமானம் முந்நூற்று அறுபது கிலோவைத் தாண்டினால் அனுமதி இல்லை என்பது சட்டம். அது போதாதென்று அவர்களாகவே ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். காணும் பொங்கலன்று எல்லோரும் கூடிப் பறப்பார்கள். எடை குறைந்த விமானத்துக்குத்தான் முதலில் எழும்புகிற மரியாதை. கனமானது கடைசியில், சீட்டியும் கேலியும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு வருஷமாகக் கடைசியில் போனது நவநீதன். அவன் விமானத்துக்கு 'எருமை' என்று பெயர் வைத்ததே கூடப்பிறந்த அண்ணன் தண்டபாணிதான். ஆனால் யாரும் யாருடைய விமானத்தையும் தராசில் ஏற்றச் சொன்னதில்லை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்கிற மாதிரி அது.

எருமை என்று பேர் வாங்கியவன்கூட முந்நூற்று ஐம்பத்திரண்டு என்றுதான் எழுதியிருந்தான். நிஜத்தில் நானூறைத் தாண்டும் என்று கோகிலவாணி கணக்குப் போட்டாள். அப்படியானால் திரை அறுபத்தாறு காட்டியபோது எஞ்சின் எழுபத்துநாலில் ஓடியிருக்கும். பிஸ்டன் உருக அது போதும். தாரணியின் கையில் குற்றமில்லை.

அதைப் போய்ச் சொல்வதுதான் கஷ்டம். செத்துப்போன உன் புருஷன் பொய் எழுதினான் என்று ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். என் பொட்டி பொய் சொல்லும் என்று ஊருக்கே சொல்ல வேண்டும். இரண்டு நாள் இதையும் அதையும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் காரை எடுத்தாள்.

வெள்ளகோவில் சாலையில் தாரணியின் ஒர்க்‌ஷாப் திறந்துதான் இருந்தது. உள்ளே ஓர் எஞ்சின்கூட இல்லை. ஓடுதளத்து எஞ்சின்களில் பாதிக்கு மேல் அவள் கட்டியவை. பழைய கார் எஞ்சினை வாங்கி, பிரித்து, விமானத்துக்குத் தகுந்தபடி திருப்பிக் கட்டுவதில் அவள் பேர் பெற்றவள். அறிக்கையின் சேதி பரவியதும், வேலைக்குக் கொடுத்திருந்தவர்கள் ஆளனுப்பித் தங்கள் எஞ்சின்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் தாரணி.

"வாங்க்கா. நீங்களும் எஞ்சினைப் பத்திக் கேக்கத்தான் வந்தீங்களா?"

"கேக்க வல்ல தாரணி. ஒண்ணு சொல்ல வந்தேன். மொதல்ல உக்காரு."

"போலீஸ்காரரு கேட்டாரு. குழு கேட்டுது. மாமா எதுர்ல பாக்கறப்ப எல்லாம் கேக்கறாரு, அன்னிக்கு உன்ற நெனப்பு எங்கடி இருந்துச்சுன்னு." மாமா என்று அவள் சொன்னது மூத்த மைத்துனர் தண்டபாணியை. "அவரு கேக்கறதுலயும் நாயமிருக்குதுங்க. நானும் அதத்தான் கேட்டுட்டுக் கெடக்கறேன். ஒவ்வொரு போல்ட்டா மனசுக்குள்ள முறுக்கிப் பாக்கறேன். எங்கயும் தப்புத் தெரியல. தெரியலீன்னா தப்பில்லைன்னு ஆயிருமாக்கா?"

கோகிலவாணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். எடையைக் குறைத்து எழுதினால் எண் எப்படி இறங்கும், இறங்கிய எண்ணை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்னாள். தாரணி எஞ்சின்காரி, பாதியிலேயே புரிந்துகொண்டாள். முகத்தில் ஒரு கணம் உயிர் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"அவரு அப்படி எழுத மாட்டாருங்க."

"எல்லாரும்தான் எழுதறாங்க. அதுல தப்பா நெனைக்கறதுக்கு..."

"எல்லாரும் எழுதுவாங்க. அவரு மாட்டாரு. எருமை எருமைன்னு கேலி பண்றாங்களேன்னு பொறுக்க முடியாம நானே சொன்னேன், இருவது கிலோ கொறச்சுப் போடுங்க, எவன் வந்து பாக்கறான்னு. 'கொறச்சுப் போட்டா அப்பறம் எதை நம்பிப் பறக்கறது'ன்னாரு. அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்."

கோகிலவாணிக்கு அது ஆறுதல் பேச்சாகத்தான் பட்டது. போனவர்களைப் பற்றி வீட்டில் மிஞ்சியவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? அவள் நம்பவில்லை என்பது தாரணிக்கும் தெரிந்துவிட்டது.

"நம்பலீன்னா நிறுத்துப் பாருங்க்கா. குழு பாத்து முடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. பின்னாடிதான் கெடக்குது."

பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நவநீதனின் விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. நல்லவேளையாகத் தீப்பிடிக்கவில்லை. பக்கத்துக் கொப்பரைக் களத்தில் மூட்டை போடுகிற எலக்ட்ரானிக் தராசு இருந்தது. களத்துக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை, இரண்டு ஆட்களையும் கூட அனுப்பினார். இறக்கை, வால், நசுங்கிய உடல், சக்கரங்கள், எஞ்சின் என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார்கள். இருக்கையை மட்டும் தாரணி யாரையும் தொடவிடவில்லை. அவளே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள், எண் வந்ததும் அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

எல்லாம் கூட்டினால் முந்நூற்று நாற்பத்துமூன்று. காட்டில் தொலைந்துபோன புரொப்பல்லர் துண்டுகளும் உடைந்த கண்ணாடியும் ஒரு கதவும் சேர்ந்தால் முந்நூற்று ஐம்பத்திரண்டுக்குச் சரியாக வரும். கோகிலவாணி மறுபடி கூட்டினாள். அதேதான் வந்தது.

எருமை என்று பேர் வாங்கியவன் எழுதியது சுத்தமான நிஜம்.

"பாத்தீங்களா?" என்றாள் தாரணி. குரலில் ஜெயித்த தொனி எதுவும் இல்லை. "அவரு பொய் எழுதல. அப்ப பொட்டி காட்டுனது சரிதான? அப்ப என்ற எஞ்சின்தானக்கா?"

புருஷனின் நேர்மையை நிரூபித்த கையோடு தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் இவள் என்று தோன்றியது கோகிலவாணிக்கு. ஒர்க்‌ஷாப் மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, நவநீதனின் பொட்டி முதல் நாளிலிருந்து என்னென்ன காட்டியது என்று பார்க்கத் தொடங்கினாள். குழு கடைசி நாளைத்தான் பார்த்திருந்தது. அவளும் இதுவரை அதைத்தான் பார்த்திருந்தாள்.

முதல் மாதம், வழக்கமான உயரத்தில், வழக்கமான வேகத்தில், எழுபத்துநாலு. அடுத்த மாதம் எழுபத்துமூன்று. அப்புறம் எழுபத்தொன்று, எழுபது. காற்றும் அதே, சுற்றும் வேகமும் அதே, எண்ணை நம்பி அவன் குறைக்கத் தொடங்கும்வரை பெட்ரோலும் அதே. எண் மட்டும் மாதத்துக்கு மாதம் படியிறங்கி, அறுபத்தாறில் வந்து உட்கார்ந்திருந்தது. கோகிலவாணி மடிக்கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இறக்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

"என்னக்கா?"

"சுற்றம்."

"அப்படீன்னா என்னங்க்கா?"

"எல்லாப் பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும் தாரணி. ஒரே ஜாதி எஞ்சின், ஒரே வேகத்துல ஓடினா எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒரே எண்தான வரணும்? ஒரு பொட்டி மட்டும் தனியா வேற எண் காட்டினா, அதுல ஏதோ கோளாறுன்னு மத்ததெல்லாம் சேந்து அதைத் தங்களோட வழிக்கு இழுத்துக்கும். ஒருத்தர் ரெண்டு பேரு எடையைத் தப்பாப் போட்டாலும் மத்தவங்க திருத்திருவாங்கன்னு நெனச்சுத்தான் அதைச் செஞ்சேன்."

தாரணி திரையில் இறங்கிய எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"நாப்பது பேருல முப்பத்தொம்பது பேரு பொய் சொன்னா?"

"அப்பப் பொட்டிக்கு அதுதான் நெசம். உண்மையைச் சொன்னவன் எண்தான் கோளாறு."

"எண்ணு எறங்க எறங்க அவருக்குச் சந்தோசமுங்க. 'உன்ற எஞ்சின் பழகிருச்சு புள்ள, இப்பெல்லாம் கஷ்டமில்லாம இழுக்குது'ன்னு சொல்லிட்டு வருவாரு. எனக்கும் பெருமைதான்." தாரணி கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். பிறகு, எஞ்சின் கட்டுகிறவளின் மூளை விழித்துக்கொண்டது. "சரீங்க்கா. மத்த முப்பத்தொம்பது வண்டியிலயும் நெசம் எழுபத்துநாலு, காட்டறது அறுவத்தாறுன்னு வெச்சுக்கங்க. அவிய எல்லாருந்தான பெட்ரோலைக் கொறச்சு ஓட்டறாங்க? அவிய எஞ்சின் ஒண்ணுகூட ஏன் உருகல? உருகினது நான் கட்டி அவரு ஓட்டுன ஒண்ணு மட்டுந்தான. கடைசியில திரும்பவும் என்ற கையிலதான வந்து நிக்குது?"

கோகிலவாணி மடிக்கணினியை மூடினாள். குழுவிடம் போனாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள். 'பார்த்துச் சொல்கிறேன்' என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினாள். தாரணி வாசல்வரைகூட வரவில்லை.

ஓடுதளத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. தண்டபாணி தன் கொட்டகையில் விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, தடித்த உடம்பு, அந்தக் கூட்டத்துக்கே தலைவர் மாதிரி. காணும் பொங்கலுக்கு முதலில் எழும்புவது அவர்தான். முந்நூற்று இருபத்தாறு கிலோ என்று எழுதியிருந்தார். தம்பி போன பிறகு பாதியாக இளைத்துவிட்டார் என்று சொன்னார்கள், பார்த்தால் நிஜம் என்றுதான் தெரிந்தது. தாரணியை வைகிற வாய் ராத்திரியானால் அழுகிறது என்றும் சொன்னார்கள்.

"வாங்கம்மணி. அறிக்கை வந்துருச்சாமே. பொட்டி மேல பழியில்லைன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு நிம்மதி."

"நிம்மதி எல்லாம் இல்லீங்ணா. ஒரு சந்தேகம். நீங்க மேல போனா எந்த எண்ல பெட்ரோலைக் கொறைப்பீங்க?"

தண்டபாணி துடைப்பதை நிறுத்தவில்லை. "அம்பத்தெட்டு வரைக்கும் கொறைப்பேன். அதைத் தாண்டினா தொடறதில்ல."

"ஏனுங்ணா? அறுவத்தாறு வரைக்கும் பொட்டி பச்சை காட்டுமே?"

"காட்டும், காட்டும்." அவர் சிரித்தார். தம்பி செத்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அம்மணி, நீங்க நம்ம ஆளுங்கறதுனால சொல்றேன், வெளிய போக வேண்டாம். என்ற வண்டி நெச எடை எனக்குத் தெரியுமில்ல? முந்நூத்தித் தொண்ணூறு. பொட்டிகிட்டச் சொன்னது அறுவது கிலோவுக்கு மேல கம்மி. அப்ப அது காட்டற எண்ணும் கம்மியாத்தான இருக்கும்? அதனால நான் மனசுல எட்டு சேத்துக்குவேன். அது அம்பத்தெட்டுன்னா எனக்கு அறுவத்தாறு. இங்க எல்லாரும் அப்படித்தான். அவனவன் கொறச்ச அளவுக்கு அவனவன் சேத்துக்குவான். யாரும் யாருகிட்டயும் பேசிக்கறதில்ல. ஆனா ஒருத்தன் எஞ்சினாச்சும் உருகியிருக்கா, பாருங்க."

கோகிலவாணி அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். எவ்வளவு எளிதான விஷயம். பொய் சொன்ன ஒவ்வொருவருக்கும் தன் பொய்யின் அளவு தெரியும். அந்த அளவை ஈடுகட்டி, அவர்கள் பத்திரமாகப் பறந்து பத்திரமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கட்டிய பொட்டியை அங்கே முழுசாக நம்பியவன் ஒரே ஒருவன்தான்.

"நவநீதன் எவ்வளவு சேத்துக்கிட்டானுங்ணா?"

"அவனும் ஒரு பத்து, பன்னண்டு... எருமையாச்சே, கூடவே சேத்திருப்பான்."

"இன்னிக்கு மத்தியானம் அவன் வண்டியை நிறுத்தோம். தாரணியும் நானும். முந்நூத்தி அம்பத்திரண்டுதான். அவன் எழுதினது அப்படியே சரி. உங்க வண்டியைவிட எடை கம்மி அவனோடதுதாங்ணா. அவனுக்குச் சேத்துக்க ஒண்ணுமே இல்ல. மொதல்ல அவன் பொட்டி நெசத்தைத்தான் காட்டுச்சு. உங்க முப்பத்தொம்பது பேரு எண்ணும் சேந்து அதைக் கீழ இழுத்திருச்சு. அது நான் செஞ்ச வேலை."

தண்டபாணி துணியை இறக்கையின் மேலேயே விட்டுவிட்டார். கொட்டகையின் தகரம் சூடு தணியத் தணியச் சடசடத்துக்கொண்டிருந்தது. அவர் பேசியது அவளைப் பார்த்து இல்லை.

"எங்கிட்ட வந்து கேட்டானே."

"என்ன கேட்டான்?"

"'அண்ணா, பொட்டியில எண்ணு கொறஞ்சுகிட்டே வருது, உனக்கும் அப்படியா'ன்னு. ஆயுத பூசை அன்னிக்கு. இந்த எடத்துலதான் நின்னான்." அவர் தரையைக் காட்டினார். "கூட எட்டு சேத்துப் பாருடான்னு சொல்ல வாய் வந்துச்சும்மணி. சொன்னா ஏன்னு கேப்பான். என்ற எடையைச் சொல்லோணும். ரெண்டு வருசமா அவனை எருமைன்னு கூப்புட்டுட்டு, என்றது அவனைவிட நாப்பது கிலோ கூடன்னு எப்படிச் சொல்றது? அதெல்லாம் ஒண்ணுமில்ல, எஞ்சின் பழகிருச்சுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் கோகிலவாணிக்குப் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும்.

"குழுகிட்ட நான் என்ற பங்கை எழுதிக் குடுக்கப் போறேங்ணா. ஆனா அது பத்தாது. மத்த எஞ்சின் ஏன் உருகலைன்னு கேப்பாங்க. யாராவது ஒருத்தர் எடையை ஒத்துக்கணும். இல்லீன்னா அவ பேருதான் நிக்கும்."

"ஒத்துக்கிட்டா அனுமதி போயிரும். எனக்கு மட்டுமில்ல. நாப்பதையும் தராசுல ஏத்துவாங்க."

"தெரியுங்ணா."

அவர் துணியை எடுத்துத் திரும்பவும் இறக்கையைத் துடைக்கத் தொடங்கினார். அவளும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கோவைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எல்லாப் பொட்டியிலும் சுற்றத்தை நிறுத்தினாள். பொட்டி எப்படித் தவறியது என்று குழுவுக்கு எழுதினாள். கணபதி வட்டாரத்தில் இருந்த அவளுடைய இரண்டு அறைக் கம்பெனி அத்துடன் மூடிக்கொள்ளும் என்று தெரிந்தேதான் அனுப்பினாள். சேதி எப்படியோ ஓடுதளத்துக்குப் போய்விட்டது. போன் மேல் போன். எடை எல்லாம் சரியாகத்தான் எழுதினோம், வேண்டுமானால் வழக்குப் போடுவோம் என்றார்கள். அவரவர் பொட்டியைத் தொடாதே என்றார்கள். தாரணியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டபாணியிடமிருந்து போனே வரவில்லை. அவரும் மற்றவர்களைப் போலத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

குழுவிலிருந்து ஓர் அதிகாரி மேற்கொண்டு விசாரிக்கத் தாரணியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கோகிலவாணியும் போயிருந்தாள். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் கேள்வி அதேதான்: எல்லாப் பொட்டியும் குறைத்துத்தான் காட்டியது என்றால், மற்ற எஞ்சின்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தண்டபாணி சொன்னதைக் கோகிலவாணி சொன்னாள், பெயர் சொல்லாமல். "யாராவது நேரில் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறேன்" என்றார் அவர். பேனாவைக்கூட மூடிவிட்டார்.

அப்போது ஒரு குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஓர் எஞ்சின். முன்னால் இருந்து தண்டபாணி இறங்கினார். தம்பி பெண்டாட்டி வாசலில் கால் வைக்கத் தயங்கி, சாலையிலேயே நின்றார்.

"தாரணி. இது உனக்குத் தெரியுமில்ல?"

தாரணி வெளியே வந்து பார்த்தாள். "எப்படித் தெரியாமப் போகும், மாமா? அவரோடதும் இதுவும் ஒரே மாசத்துலதான கட்டினேன். ரெண்டுக்கும் ஒரே எடத்துல வாங்கின பிஸ்டன்."

"பிரிச்சுப் பாரு."

அவள் அசையவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கோகிலவாணிக்குப் புரிந்தது. இதன் உள்ளேயும் உருகியிருந்தால்? அல்லது உருகத் தொடங்கியிருந்தால்? இத்தனை நாள் மனதுக்குள் முறுக்கிப் பார்த்த போல்ட்டுகளை இப்போது கையால் பார்க்கச் சொல்கிறார்கள்.

"அதுலயும் அப்படியே இருந்துச்சுன்னா, மாமா?"

"இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ பிரி. அப்பறம் சொல்றேன்."

ஆட்கள் எஞ்சினை இறக்கி மேஜையில் வைத்தார்கள். தாரணி ஸ்பேனரை எடுத்தாள். முதல் போல்ட்டை மெதுவாகக் கழற்றினாள். இரண்டாவதில் கொஞ்சம் வேகம் வந்தது. அப்புறம் வேலை அவளை எடுத்துக்கொண்டது. மேல் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டார்ச்சை அடித்து, மூன்றாவது சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். பிஸ்டனின் தலை வழவழப்பாக, லேசான பழுப்பு நிறத்தில் இருந்தது. ஒரு கருகல் இல்லை, ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலால் அதை ஒரு சுற்றுத் தடவினாள். மற்ற மூன்றையும் அப்படியே தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மேஜையின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். புருஷனைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அவள் அப்படி அழுததாக யாரும் சொல்லவில்லை. கோகிலவாணி அவள் முதுகில் கை வைக்கப் போய், பொட்டியைச் செய்த கை அது என்று நினைத்து எடுத்துக்கொண்டாள்.

அதிகாரியும் குனிந்து பார்த்தார். போட்டோ எடுத்தார்.

"இதைக் கட்டினது யாரு?"

தாரணி நிமிர்ந்தாள். "நான்தானுங்க."

"ஒரே ஆள், ஒரே மாசம், ஒரே சாமான். அப்ப அது ஏன் உருகிச்சு, இது ஏன் உருகலை?"

தாரணி தண்டபாணியைப் பார்த்தாள். அவர் வாசலைத் தாண்டி இன்னும் உள்ளே வரவில்லை. அதிகாரி பேனாவைத் திறக்கும் வரை காத்திருந்தார்.

"எழுதிக்கங்க. என்ற வண்டி முந்நூத்தித் தொண்ணூறு கிலோ. பொட்டி சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும். எட்டு சேத்துக்கிட்டுத்தான் ஓட்டினேன். என்ற தம்பி வந்து கேட்டான். அவனுக்கு நான் சொல்லலீங்க."